ஏன்மா, எப்படிமா, அப்புறம்மா? கேள்வி கேட்கிற பிள்ளைங்களைப் பத்திப் பேசலாம் வாங்க

பொன்வண்டு, திருச்சி

எங்க பாப்பாவுக்கு நாலரை வயசு. காலையில பல் தேய்க்கும்போது ஆரம்பிக்கிற கேள்வி ராத்திரி கண்ணு சொருகுற வரைக்கும் ஓயாது. குறையா சொல்லலை, எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா எப்படிப் பதில் சொல்றதுங்கறதுல எங்க வீட்டுக்குள்ளயே மூணு கட்சி. மாமியார் எதைக் கேட்டாலும் கதையா சொல்லிடுவாங்க. வீட்டுக்காரர் போனை எடுத்துத் தேடி, வந்ததை அப்படியே படிச்சுக் காட்டுவார். எனக்கு ரெண்டும் பத்தலை. பிள்ளை எதைப் பத்திக் கேக்குதோ அதைக் கையில எடுத்து, பக்கத்துல உக்காந்து, அவளோட சேர்ந்து பாக்கணும்ங்கறது என் கட்சி. பதில் அன்னிக்கே வரணும்னு இல்லை.

போன வாரம் சட்னிக்குத் தேங்காய் உடைச்சேன். தண்ணியைக் கிண்ணத்துல பிடிச்சுக் கொடுத்தேன். குடிச்சு முடிச்சதும் ரெண்டு மூடியையும் எடுத்து ஒண்ணோட ஒண்ணு பொருத்திப் பாத்தா. சுத்தி சுத்தித் தடவினா. "எங்கயுமே ஓட்டை இல்லையேம்மா, தண்ணி எப்படி உள்ள போச்சு?"

"சாமி ஊத்துனாரு கண்ணு"ன்னு பாட்டி சொன்னாங்க. "எது வழியா?"ன்னு திருப்பிக் கேட்டா.

அப்ப நான் ஒண்ணும் சொல்லலை. சாயங்காலம் தெருமுனை இளநீர்க்காரர்கிட்ட கூட்டிட்டுப் போய், வெறும் தண்ணிக்காய் ஒண்ணு, வழுக்கை விழுந்தது ஒண்ணு வாங்கினோம். குடிச்சதும் ரெண்டையும் பிளந்து தரச் சொன்னேன். முதல் காய்ல விரலால வழிச்சா கையில ஒண்ணும் வரலை. ரெண்டாவதுல அவர் மட்டையில சீவிக் கொடுத்த துண்டால சுரண்டினா வெள்ளையா வழுவழுன்னு வந்துச்சு. வீட்டுக்கு வந்து முத்தின தேங்காய் மூடியையும் பக்கத்துல வெச்சு, மூணையும் வரிசையாத் தரையில அடுக்கினோம். அவளே ஒவ்வொண்ணா விரல் வெச்சுச் சொல்றா: "இதுல தண்ணி நிறைய, வெள்ளை இல்லை. இதுல கொஞ்சம் வெள்ளை. இதுல நிறைய வெள்ளை, தண்ணி கொஞ்சம்." அப்புறம் என் முகத்தைப் பாத்து, "தண்ணிதான் வெள்ளையா ஆகுதா?"

விஷயமே அதுதானே. பூ விட்டதுல இருந்து காய் முத்த ஏறக்குறைய 12 மாசம் ஆகும். நாம குடிக்கிற இளநீர் ஆறு ஏழு மாசக் காய். முதல்ல உள்ள இருக்கறது வெறும் திரவம்தான். வேர் உறிஞ்சின தண்ணியும் ஓலையில உண்டான சர்க்கரையும் காம்பு வழியா வந்து சேர்ந்தது. அப்புறம்தான் ஓட்டோட உள்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாப் பருப்பு படியும். தண்ணி, பருப்பு ரெண்டுமே முளைக்கப்போற கன்னுக்கு மரம் கட்டிக் கொடுத்த சாப்பாடு. இதுல பாப்பாகிட்ட நான் சொன்னது "காம்பு வழியா வந்துச்சு"ங்கறது மட்டும்தான். மத்ததெல்லாம் அவ கண்ணால பாத்தது.

அப்புறம் தேங்காய்க் கண்ணு மூணையும் ஈர்க்குச்சியால குத்திப் பாத்தா. ஒண்ணுல மட்டும் குச்சி உள்ள போகும், ஏன்னா முளை வெளிய வர்ற வாசல் அதுதான். மத்த ரெண்டுலயும் குச்சி வளைஞ்சுடும். "ஏன் ஒரு கண்ணு மட்டும் மெத்துன்னு இருக்கு?"ன்னு அடுத்த கேள்வி வந்தாச்சு. ஒரு தேங்காயை முளைக்க வெச்சுப் பாக்கலாம்னு சொல்லி, கண்ணு மேல தெரியற மாதிரி தொட்டிக்குள்ள ஈரமணல்ல பதிச்சு வெச்சிருக்கோம்.

உங்க வீட்டுல என்ன கேக்கறாங்க? நீங்க என்ன பண்றீங்க?


காவிரிக்கரை, ஸ்ரீரங்கம்

எங்க பையனுக்கு அஞ்சு வயசு. அவனோட பெரிய கேள்வி, "நிலா ஏம்ப்பா நம்ம கூடவே வருது?" வண்டியில முன்னாடி உக்காந்துக்கிட்டு வழியெல்லாம் இதே பேச்சு. "நிலா ரொம்பத் தூரத்துல இருக்குடா"ன்னு சொன்னா அது அவனுக்கு வெறும் வார்த்தை. 3,84,400 கிலோமீட்டர்னு சொல்லி என்ன ஆகப்போகுது? மாமா வீடு இருக்கற தஞ்சாவூரே அவனுக்கு ரொம்பத் தூரம்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் 1ஆம் நம்பர் பஸ்ல ஜன்னல் சீட்டாப் பாத்து உக்கார வெச்சேன். காவிரிப் பாலத்து மேல பஸ் ஏறினதும், "பாலத்துக் கைப்பிடியைப் பாரு"ன்னேன். கண்ணு நிக்காத வேகத்துல பின்னாடி ஓடுது. "கரையில இருக்கற தென்னமரத்தைப் பாரு." அது மெதுவா நகருது. "மலைக்கோட்டையைப் பாரு." அது நகர்றதே தெரியலை, பாலம் முடியறதுக்குள்ள ஜன்னல்ல கொஞ்சம்தான் தள்ளியிருக்கு. "இப்ப நிலாவைப் பாரு." அது அங்கயேதான் இருக்கு.

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "கிட்ட இருக்கறது வேகமா ஓடுது, தூரத்துல இருக்கறது ஓடவே மாட்டேங்குது"ன்னான். அதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்ல? 236 அடி ராஜகோபுரமே ஊருக்குள்ள வந்தா சந்துக்குச் சந்து இடம் மாறித் தெரியுது, நிலா மட்டும் மாறாது. இப்ப எங்க போனாலும் எது கிட்ட, எது தூரம்னு அவன்தான் எங்களுக்குச் சொல்லிட்டு வர்றான்.

தேங்காய் யோசனை நல்லா இருக்கு. நாளைக்கே செஞ்சு பாத்துடறேன்.


வேளச்சேரி ரயில், சென்னை

படிக்க ரொம்ப நல்லா இருக்கு. ஆனா ஒண்ணு கேக்கணும். காலையில ஸ்கூல் வேன் வர்றதுக்கு முன்னாடி ரெண்டு டிபன் பாக்ஸ், ஒரு ஷூ, ஒரு சாக்ஸ் தேடல். ராத்திரி நான் வீடு வந்து சேரும்போது எட்டு ஆகிடும். இதுக்கு நடுவுல பொண்ணு "தோசையில ஏம்மா ஓட்டை ஓட்டையா வருது?"ன்னு கேக்கறா. எனக்கும் உக்காந்து பாக்க ஆசைதான். "அப்புறம் சொல்றேன்"னுதான் வாயில வருது. இப்படி ஓடற வீட்டுல என்ன பண்றதுன்னு யாராவது சொல்லுங்க. தனியா வளர்க்கறேன். கேள்வியைத் தள்ளிவிடப் பாட்டியும் இல்லை, அப்பாவும் இல்லை.


பொன்வண்டு, திருச்சி

வேளச்சேரி அக்கா, இதுக்கு நாங்க வெச்சிருக்கற வழி தினசரி காலண்டர். கேள்வி வந்த உடனே அன்னிக்குத் தாளைக் கிழிச்சு, பின்பக்கம் அவ கண்ணு முன்னாடியே எழுதுவேன். எழுத அரை நிமிஷம் ஆகுமா? அதை அவளே ஒரு டப்பாவுல போட்டு மூடுவா. ஞாயித்துக்கிழமை ஒண்ணு எடுப்போம். எல்லாத்தையும் பாக்க முடியாது, ஒண்ணே ஒண்ணுதான். எதுங்கறதை அவதான் முடிவு பண்ணுவா. தன் கேள்வியை அம்மா எழுதி வெச்சுக்கறாங்கன்னு பாக்கும்போது அந்த முகத்துல வர்ற பெருமை இருக்கே, அதுக்கே எழுதலாம். "அப்புறம்"னு சொல்றதுல தப்பே இல்லை. அந்த அப்புறம்ங்கறதுக்கு ஒரு டப்பா இருந்தாப் போதும்.

தோசை ஓட்டைக்கு நேரமே ஒதுக்க வேண்டாம். ராத்திரி மாவு கரைச்சதும் கொஞ்சத்தைக் கண்ணாடி டம்ளர்ல ஊத்தி, மாவு நிக்கற மட்டத்துல ஸ்கெட்ச் பேனாவால கோடு போடச் சொல்லுங்க. காலையில கோட்டைத் தாண்டி ஏறியிருக்கும். டம்ளர் ஓரத்துலயே குமிழ் குமிழாத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத குட்டி உயிருங்க மாவைத் தின்னு காத்து விடுதுன்னு சொன்னாப் போதும், அது உண்மையும்கூட. அந்தக் காத்தை வெளிய விடாம உளுந்தோட கொழகொழப்பு பிடிச்சு வெச்சிருக்கு. கல்லுல ஊத்தினதும் சூட்டுல காத்தும் ஆவியும் கிளம்பிப் போன வழிதான் ஓட்டை. ஒரு நாள் அரைச்ச உடனே ஒரு தோசை, புளிச்ச அப்புறம் ஒரு தோசை ஊத்திக் காட்டுங்க. அதே டிபன் பாக்ஸ் வேலைக்குள்ள முடிஞ்சிடும்.


பழைய கரும்பலகை, கும்பகோணம்

தொடக்கப் பள்ளியில் பல ஆண்டுகள் ஒன்றாம் வகுப்பு எடுத்தவன். இந்த இழையைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

நிலவைப் பற்றிய பேச்சு வந்ததால் சொல்கிறேன். குழந்தைக்கும் நிலவுக்கும் உள்ள உறவை நம் புலவர்கள் எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள் என்பதற்குப் பிள்ளைத்தமிழே சான்று. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று போகும் பருவங்களில் ஏழாவது அம்புலி. குழந்தையோடு விளையாட வா என்று நிலவை அழைக்க வேண்டும். அதுவும் சும்மா அழைப்பதில்லை. நீயும் இந்தக் குழந்தையும் ஒன்றுதான் என்று இணக்கமாகப் பேசிப் பார்ப்பார்கள். அப்புறம், இவளுக்கு முன் நீ எம்மாத்திரம் என்பார்கள். வந்தால் இன்னின்னது கிடைக்கும் என்பார்கள். கடைசியில், வராவிட்டால் என்ன ஆகும் தெரியுமா என்று மிரட்டுவார்கள். சாம, பேத, தான, தண்டம் நான்கும் உண்டு. பாடுவதற்கு மிகக் கடினமான பருவம் என்பதால் அம்புலி புலவர்க்குப் புலி என்றே சொல்வார்கள். சோறு ஊட்டும் தாய்மார்கள் இந்த நான்கையும் தினமும் மொட்டைமாடியில் செய்துகொண்டிருக்கிறார்கள்.

எனவே பாட்டி சொல்லும் கதையை எதிர்க்கட்சியாக நினைக்க வேண்டாம் என்பது என் கருத்து. நிலாவில் பாட்டி வடை சுடுகிறாள் என்று வகுப்பில் சொன்னபோது ஒரு சிறுமி, "எண்ணெய் எங்க சார் வாங்குவாங்க?" என்று கேட்டாள். கதையைப் பொய் என்று தள்ளவில்லை. கதைக்குள்ளேயே இறங்கிக் கணக்குப் பார்த்தாள். அந்தக் கேள்வியை மதித்தால் போதும், கதை பிள்ளையைக் கெடுத்துவிடாது.

இன்னொரு செய்தி. குழந்தைக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாற்றுக்குப் பயிற்சி நடத்த வந்தார். 1940இல் இத்தாலி இரண்டாம் உலகப் போரில் இறங்கியதும், இத்தாலி நாட்டவர் என்பதால் ஆங்கிலேய அரசின் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அதில் ஒரு பகுதியைக் கொடைக்கானலில் கழித்தார். பல வயதுக் குழந்தைகள் அங்கே ஒன்றாக இருந்தார்கள். சுற்றிலும் செடி, பூச்சி, பாறை. உலகத்தில் ஒவ்வொன்றும் மற்றொன்றோடு தொடர்புடையது என்பதைக் குழந்தைக்குக் காட்டும் அவருடைய கல்விமுறை வளர்ந்ததில் அந்த மலைக்கும் பங்குண்டு. பொன்வண்டு மூன்று காய்களைத் தரையில் அடுக்கியதைப் படித்தபோது எனக்கு அந்த நினைவுதான் வந்தது.


கொல்லிமலைச்சாரல், நாமக்கல்

ஐயா சொன்ன நிலாவுக்கு எங்க ஊர்ல இருந்து ஒரு சங்கதி சொல்றேனுங்க. நிலாவுல வண்டி ஓட்டிப் பாக்கறதுக்கு முன்னாடி பூமியில சோதனை பண்ண, நிலா மண்ணு மாதிரியே மண்ணு வேணும்ல? அதுக்கு இஸ்ரோ எடுத்தது எங்க மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கத்துப் பாறையைத்தானுங்க. அனார்த்தோசைட்டுன்னு பேரு. நிலாவுல வெளிச்சமாத் தெரியற மேட்டுப் பகுதியெல்லாம் அந்த வகைப் பாறை. கறுப்பாத் தெரியற திட்டு, நாம பாட்டி, முயல்னு சொல்றது, ஒரு காலத்துல எரிமலைக் குழம்பு ஓடி உறைஞ்ச சமவெளிங்க.

2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் 6.04க்குச் சந்திரயான்-3 இறங்குனப்ப எங்க பாப்பாவுக்கு மூணு வயசு. டிவியில எல்லாரும் கை தட்டுனது மட்டும் ஞாபகம் இருக்குது. இப்ப அஞ்சரை ஆச்சு. சித்தம்பூண்டிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனப்ப ரோட்டோரம் கிடந்த வெளுப்பான கல்லு ஒண்ணை எடுத்துக் கையில குடுத்து விஷயத்தைச் சொன்னனுங்க. கல்லைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "அப்ப நிலாவும் நம்ம ஊரும் ஒரே மாதிரியாப்பா?"ன்னா. ஆமான்னேன். "அங்கயும் மாமா வீடு இருக்குமா?"ன்னு கேட்டா. இல்லைன்னதும் முகம் வாடிப்போச்சு. அந்தக் கல்லு இப்பத் தலகாணிக்கு அடியில இருக்குது, அவங்கம்மா எடுத்து வெச்சாக்கூட மறுபடி போய் எடுத்துக்குவா. திட்டத்தை நடத்துன வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர்னு சொன்னா, "அவரும் சின்னப் புள்ளையில கல்லு பொறுக்குவாரா?"ங்கறா.


வெயில்மரம், மதுரை

எல்லாரும் அறிவியல் கேள்வியாவே சொல்றீங்க. எங்க மகன் கேட்ட ஒண்ணைச் சொல்றேன்.

சொந்தக்காரங்க வீட்டுக்கு ஊருக்குப் போயிருந்தோம். தோட்ட வேலைக்கு வர்ற அம்மாவுக்குக் காப்பி கொடுத்தாங்க. திண்ணை ஓரம் தனியா கவிழ்த்து வெச்சிருந்த டம்ளர்ல. என் மகன் எல்லார் முன்னாடியும் சத்தமாக் கேட்டான்: "அந்த அப்பத்தாவுக்கு மட்டும் ஏன் வெளிய இருக்கற டம்ளர்?" வீடே அமைதியாயிருச்சு. ஒருத்தர் "பெரியவங்க பேச்சுல தலையிடாத"ன்னார். இன்னொருத்தர் டிவி சத்தத்தைக் கூட்டுனார்.

அஞ்சு வயசுப் பிள்ளைக்குச் சாதியை எப்படி விளக்குறது? "அது தப்புய்யா. அப்படிச் செய்யக் கூடாது"ன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரியே சொன்னேன். மறுநாள் காலையில காப்பி போட்டது நான். வீட்டுல இருந்த ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளர் அத்தனையையும் எடுத்து எல்லாருக்கும் ஊத்தி, அந்த அம்மாவுக்கும் அதுலயே கொடுத்தேன். தட்டைத் தூக்கிட்டுப் போய்க் கொடுத்தது என் மகன்தான். சொந்தத்துல கொஞ்சம் மனஸ்தாபம் இருக்கு. இருக்கட்டும். இந்தக் கேள்விக்கும் பொன்வண்டு சொன்ன வழிதான், கையால செஞ்சு காட்டுறது.


பனங்கூடல், யாழ்ப்பாணம்

வெயில்மரம், உங்கட பதிவை ரெண்டு தரம் வாசிச்சன். நல்ல வேலை செய்திருக்கிறியள்.

நான் எழுத வந்தது வேற விசயம். எங்கட அப்பா இந்த வருசம் மோசம் போயிட்டார். என்ர மகனுக்கு நாலு வயசு, அம்மப்பாவோடதான் எந்த நேரமும். செத்தவீட்டில ஆரோ "அம்மப்பா நித்திரை கொள்ளுறார்" எண்டு சொல்லியிருக்கினம். அண்டைக்கு இரவு பெடியன் படுக்க மாட்டன் எண்டு ஒரே அழுகை. கண்ணை மூடினா தானும் எழும்ப மாட்டன் எண்ட பயம். இன்னொருத்தர் சாமியிட்டப் போயிட்டார் எண்டு சொல்ல, "நாங்களும் பஸ்ஸில போவம்" எண்டு வெளிக்கிட்டு நிக்கிறான்.

மடியில வைச்சு, சுத்தி வளைக்காமச் சொன்னன். அம்மப்பான்ர உடம்பு வேலை செய்யிறதை நிப்பாட்டிட்டுது. நெஞ்சு அடிக்காது, மூச்சு வராது. அவருக்கு இனிப் பசிக்காது, நோகாது, குளிராது. திரும்பி வரமாட்டார். பிறகு அவன்ர கையை எடுத்து அவன்ர நெஞ்சில வைச்சன். "உன்ர நெஞ்சு அடிக்குது, பார். நித்திரையிலயும் அடிக்கும்." என்ர நெஞ்சிலயும் வைச்சுப் பாத்தான். பிறகு அம்மம்மான்ர. அதுக்குப் பிறகுதான் படுத்தான்.

அந்தியேட்டிக்கு, செத்தவருக்குச் செய்யிற கிரியைக்கு, கீரிமலைக்குப் போனம். சாம்பல் கரைக்கேக்க, "அம்மப்பா தண்ணிக்குள்ளயோ?" எண்டு கேட்டான். "அவற்ற உடம்பின்ர சாம்பல் மட்டும்தான், அவருக்கு ஒண்டும் நோகாது" எண்டு சொன்னன். இப்பவும் அடிக்கடி அதே கேள்வியைக் கேக்கிறான். நானும் அதே மறுமொழியைத்தான் சொல்லுறன். மாத்திச் சொன்னா அவனுக்குக் குழப்பமாப் போயிடும். பிள்ளைக்கு முன்னால அழுறதை நான் மறைக்கிறேல்லை. அம்மாவுக்கும் கவலை எண்டு அவன் அறியட்டும்.


இரவுப்பணி, கோயம்புத்தூர்

பனங்கூடல் அக்கா, கண்ணு கலங்கிடுச்சு. நீங்க சொன்ன விதம் ரொம்பச் சரி.

நான் குழந்தைகள் வார்டுல செவிலியர். ஆர்வம் உள்ள பிள்ளையைப் பெத்தவங்க எல்லாருக்கும் ஒண்ணு சொல்லியே ஆகணும், பயமுறுத்த இல்லை. உள்ள என்ன இருக்குன்னு பாக்கற பிள்ளை ரிமோட்டையும் கழட்டும். அதுல, எடை மெஷின்ல, பாட்டுப் பாடற பொம்மையில, கார் சாவியில இருக்கற பட்டன் பேட்டரியை முழுங்கிட்டா அது காசு முழுங்கறது மாதிரி இல்லீங்க. உணவுக்குழாய்ல சிக்கினா எச்சில் பட்டு மின்சாரம் ஓடி, ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே உள்ள வெந்து புண்ணாயிடும். வாந்தி எடுக்க வைக்காதீங்க, வாழைப்பழம் கொடுத்துப் பாக்கலாம்னு உக்காராதீங்க. எக்ஸ்ரே வசதி இருக்கற ஆஸ்பத்திரிக்கு உடனே ஓடுங்க, வண்டி இல்லைன்னா 108. முழுங்கினதை யாரும் பாக்கலை, சந்தேகம்தான்னாலும் போங்க. மூடிக்குத் திருகாணி இல்லாத ரிமோட்டா இருந்தா இன்னிக்கே டேப் சுத்துங்க.

மூக்குக்குள்ள பட்டாணி, புளியங்கொட்டை போட்டுக்கிட்டா ஹேர்பின்னால நோண்டாதீங்க, உள்ள தள்ளிடும். நாலு வயசு வரைக்கும் முழு வேர்க்கடலை வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். பிளக் ஓட்டைக்கு மூடி போடுங்க, வீட்டு மெயின்ல 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தா உடனே கரண்டை நிறுத்தற சுவிட்ச்) இருக்கான்னு எலக்ட்ரீஷியன்கிட்டக் கேட்டு உறுதி பண்ணிக்கோங்க.

அதோட, கழட்டிப் பாக்கற ஆசையை அடக்காதீங்க. பழைய கடிகாரம், ஓடாத டார்ச், பேட்டரியை எடுத்துட்டு ஒரு ஸ்க்ரூடிரைவரோட கையில கொடுத்து, பக்கத்துல நீங்களும் உக்காருங்க. எங்க பையனுக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது.


மிளகாய் வத்தல், திருநெல்வேலி

எல்லாருக்கும் வணக்கம். இவ்வளவு மெனக்கெடணுமா, யூடியூப்ல எல்லாம் அழகாக் காட்டுதானேன்னு என் தங்கச்சி கேக்கா. அதுல நல்லதும் உண்டு, இல்லைங்கலை. ஆனா பிள்ளை கேள்வி கேக்கறது தகவலுக்கு மட்டும்தானா? 2009ல ஃபிரேசியர், கெல்மன், வெல்மன்னு மூணு பேர் அமெரிக்காவுல சின்னப் பிள்ளைங்க பேச்சை ஆராய்ஞ்சாங்க. விளக்கமாப் பதில் கிடைச்சா பிள்ளைங்க தலையாட்டிட்டு அதுல இருந்து அடுத்த கேள்விக்குப் போகுதுங்க. மழுப்பலாச் சொன்னா அதே கேள்வியைத் திரும்பக் கேக்குதுங்க, இல்லைன்னா தானே ஒரு காரணத்தைச் சொல்லுதுங்க. அப்ப விடாமக் கேக்கறது அடம் இல்லை, கேட்டது கிடைக்கலைன்னு சொல்லுது. வீடியோ பதில் சொல்லும், ஆனா பிள்ளையோட அடுத்த கேள்வி அதுக்குக் கேக்காது. ரெண்டுல இருந்து நாலு வயசுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல திரை வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனமும் 2019ல சொல்லியாச்சு.

எங்க மவனுக்குப் பல்லி மேல பைத்தியம். "சுவத்துல ஒட்ட பசை போட்டுக்கிடுமா?"ன்னு கேட்டான். ராத்திரி அடுக்களை ஜன்னல் கண்ணாடியில வெளிப்பக்கம் பல்லி வந்து நிக்கும்லா, பூச்சி தின்ன. உள்ள இருந்து டார்ச் அடிச்சா வயிறு, நாடி துடிக்கறது, அஞ்சு விரலு, ஒவ்வொரு விரலுக்கு அடியிலயும் குறுக்குக் குறுக்கா வரி, எல்லாம் தெரியும். காலை எடுக்கும்போது விரல் நுனி முதல்ல மேல்பக்கமாச் சுருண்டு உரிஞ்சு வரும். முழங்கால்ல நின்னு மூக்கைக் கண்ணாடியில ஒட்டி அவன் பாத்த பார்வை இருக்கே! அந்த வரியில கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான மயிர் இருக்கு. பசையே கிடையாது. அவ்வளவு மயிரும் சுவத்தை நெருங்கித் தொடும்போது மூலக்கூறுகளுக்கு நடுவுல உண்டாகற சின்னச் சின்ன இழுப்பு சேர்ந்துதான் பல்லியைப் பிடிச்சு நிறுத்துதுன்னு 2000க்கு அப்புறம்தான் அளந்து உறுதி பண்ணினாங்க. அவன்கிட்ட "விரலுக்கு அடியில குட்டிக் குட்டி முடி இருக்கு, அது பிடிச்சுக்கிடுது"ன்னு மட்டும் சொன்னேன். "என் விரல்ல ஏன் இல்லை?"ன்னு அவன் கை ரேகையைப் பாக்க ஆரம்பிச்சுட்டான்.


ஏழாம் மாசம், சேலம்

இதை இங்க கேக்கலாமான்னு தெரியலை, இருந்தாலும் கேக்கறேன். ரெண்டாவது குழந்தை, ஏழாம் மாசம். பெரியவனுக்கு அஞ்சு வயசு. பாப்பா வயித்துல இருக்குன்னு சொன்னதுல இருந்து நான் சாப்பிடும்போதெல்லாம் பக்கத்துல வந்து நின்னுக்கறான். ஏன்டான்னு கேட்டா, "நீ சாப்பிடற சோறு பாப்பா தலை மேல விழாதா? ரசம் சுடாதா?" அவன் கவலைப்படறது உண்மையான கவலை, சிரிக்க மனசு வரலை. அடுத்தது எப்படி வெளிய வரும், எப்படி உள்ள போச்சுன்னுதான் வரப்போகுது. வீட்டுல பெரியவங்க, கடையில வாங்கிட்டு வந்தோம்னு சொல்லிடுன்னு சொல்றாங்க.


இரவுப்பணி, கோயம்புத்தூர்

சோறு போற இரைப்பை வேற, பாப்பா இருக்கற கருப்பை வேறன்னு ஒரு தாள்ல ரெண்டு பையா வரைஞ்சு காட்டுங்க. பாப்பாவுக்குத் தொப்புள்கொடி வழியாச் சாப்பாடு போகுது, அவன் தொப்புள் அதோட அடையாளம்தான்னு சொல்லுங்க. சட்டையைத் தூக்கித் தொப்புளைப் பாப்பான், கவலை தீர்ந்துடும். எப்படி வெளிய வரும்னா, அம்மா உடம்புல அதுக்குன்னே ஒரு வழி இருக்கு, சில சமயம் டாக்டர் வயித்துல கீறி எடுத்துத் தைப்பாங்க. எப்படி உள்ள வந்துச்சுன்னா, அம்மாகிட்ட இருந்து ஒரு சின்ன முட்டையும் அப்பாகிட்ட இருந்து ஒரு சின்ன விதையும் சேர்ந்தா பாப்பா வளர ஆரம்பிக்கும். அஞ்சு வயசுக்கு இது தாராளம். கேட்ட அளவுக்கு மட்டும் சொல்லுங்க.

இதோட உடல் உறுப்பு எல்லாத்துக்கும் சரியான பேரைச் சொல்லிக் கொடுத்துடுங்க. நாளைக்கு யாராவது தப்பாத் தொட்டா பிள்ளைக்குச் சொல்லத் தெரியணும். 1098ங்கற குழந்தைகள் உதவி எண்ணை நீங்களும் மனப்பாடமா வெச்சுக்கோங்க.


ஏழாம் மாசம், சேலம்

ரெண்டு பை வரைஞ்சேன். "அப்ப ரசம் இந்தப் பை"ன்னு விரல் வெச்சுக் காட்டிட்டு விளையாடப் போயிட்டான். ரொம்ப நன்றிங்க.

இன்னொண்ணு வந்திருக்கு. இன்னிக்கு ஸ்கேன் சென்டருக்குக் கூட வந்தான். இப்பத்தான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறான். சுவத்துல இருந்த பலகையைப் பாத்து "ஆ-ணா பெ-ண்-ணா"ன்னு படிச்சுட்டு, "தம்பியா தங்கச்சியான்னு ஏம்மா சொல்ல மாட்டாங்க?"ன்னு டாக்டர் முன்னாடியே கேட்டான். 1994ல வந்த சட்டம்னு எனக்குத் தெரியும். எதுக்கு வந்துச்சுன்னும் தெரியும், வேண்டாம்னு விடற பெண் குழந்தைகளை அரசே வாங்கிக்கற தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992ல தொடங்கினதே எங்க சேலத்துலதான். இதை இவன்கிட்ட எப்படிச் சொல்றது? கரும்பலகை ஐயா, நீங்க சொல்லுங்க.


பழைய கரும்பலகை, கும்பகோணம்

அம்மா, உண்மையைச் சின்னதாகச் சொல்லலாம். "முன்னாடி சில பேர் பெண் பாப்பான்னா வேண்டாம்னு சொன்னாங்க. அது பெரிய தப்பு. அதனால பிறக்கிற வரைக்கும் யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு சட்டம் போட்டாங்க. நமக்கு எந்தப் பாப்பான்னாலும் வேணும்." இவ்வளவுதான். ஏன் வேண்டாம் என்றார்கள் என்று கேட்பான், கேட்காமல் இருக்க மாட்டான். அதைப் பொன்வண்டின் காலண்டர் தாளில் எழுதி வையுங்கள். அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதாது, அவன் வளர வளரப் பேச வேண்டியது. இப்போதைக்குத் தம்பிக்கு ஒரு பெயர், தங்கைக்கு ஒரு பெயர் என்று இரண்டையும் அவனையே யோசிக்கச் சொல்லுங்கள்.


ஏழாம் மாசம், சேலம்

சொன்னேன் ஐயா. "வேண்டாம்னு சொன்னவங்களை யாரும் திட்டலையா?"ன்னு கேட்டான். சட்டம் போட்டுத் திட்டினாங்கன்னேன். தங்கச்சி பேரு முடிவாயிடுச்சு, நிலா. தம்பிக்கு இன்னும் யோசிக்கிறான்.